ஸ்பார்ட்டா – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழங்கால கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடிப் படித்தேன். நோஞ்சான் குழந்தைகளை மலையில் எறிந்துவிடுவார்களாம். கொடுமைதான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாடுதானே தெர்மோபிலே கணவாயில் பாரசீகப் படைக்கு எதிராக 300 பேரை நிற்க வைத்தது? நமக்கும் அதில் கொஞ்சம் வேண்டாமா? அவர்களே எழுதிய வரலாறு எதைப் படிக்கலாம்?

கே.

அன்புள்ள கே,

அவர்களே எழுதிய வரலாறு எதுவும் நம் கைக்கு வரவில்லை. டிர்டேயஸ், அல்க்மான் என்ற கவிஞர்களின் துண்டுப் பாடல்கள் உண்டு, அவ்வளவுதான். 300 பேர் கதையை விடுங்கள். கூடவே நின்று செத்த, தெஸ்பியா என்ற இன்னொரு கிரேக்க நகரத்தின் 700 பேர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

குழந்தைகளை எறிந்ததாகச் சொல்பவர் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர். தெர்மோபிலே கி.மு. 480. அவர் எழுதியது கி.பி. 100-ஐ ஒட்டி, ரோமானியர் ஆட்சியில். நடுவே கிட்டத்தட்ட 600 வருஷம்! அவருக்கு வெகு முன்பே ஸ்பார்ட்டர்களோடு பழகிய ஏதென்ஸ்காரர் செனஃபோன் அவர்களுடைய பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனியாகவே எழுதினார். அதில் இந்தப் பேச்சே இல்லை.

எங்கள் வரலாற்று வாத்தியார் இந்தக் கதையை ரசித்துச் சொல்வார். போலியோவால் கால் சூம்பிய ஒருவன் எங்களோடு படித்தான். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. "சார், என்னைத் தூக்கிப் போட்டா நொண்டிக்கிட்டே திரும்பி வந்துருவேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம், வாத்தியார் உட்பட.

ஸ்பார்ட்டாவை ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆண்ட அஜெசிலாஸுக்கு ஒரு கால் ஊனம். பட்டத்துக்கு உரியவராக வளராததால், மற்றப் பையன்களோடு அதே கடும் பயிற்சியில் இருந்தவர். தன் காலைத் தானே முந்திக்கொண்டு கிண்டல் செய்வாராம். 'நொண்டி ஆட்சி வரும்' என்ற குறிவாக்கைக் காட்டி எதிர்த்தும் அரசரானார். இதையெல்லாம் சொல்வதும் அதே புளூட்டார்க்தான். இணையத்தில் இது உங்கள் கண்ணில் படவில்லையா?

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்க நீங்கள் கேடயம் பிடித்தே நிற்கிறீர்கள். அந்தக் கேடயக்காரனுக்குச் சோறு போட வயலில் உழைத்த ஹெலட் அடிமையாக ஒரு நிமிஷம்கூட உங்களை நினைத்துப் பார்க்கவில்லையே, தம்பி. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் 4-ஆம் புத்தகத்தைப் படியுங்கள். போரில் நன்றாக உழைத்த ஹெலட்டுகளுக்கு விடுதலை என்று அறிவித்து, சுமார் 2000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடிக் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். அப்புறம் ஸ்பார்ட்டர்கள் அத்தனை பேரையும் தடமில்லாமல் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். படித்து முடித்த பிறகும் 'நமக்கும் கொஞ்சம்' என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.