முன்பின் தெரியாத ஆராய்ச்சியாளர்கிட்ட பேப்பர் கேட்டு மெயில் போடலாமா? எப்படி கேக்கணும்?

தாராளமா போடலாம். ஜர்னல் சைட்ல நீங்க கட்டுற காசு பொதுவா எழுதினவருக்குப் போறதில்ல, அதனால கேட்டா நிறைய பேர் சந்தோஷமாவே பிடிஎஃப் அனுப்பிடுவாங்க. ஆனா முதல்ல நீங்க தேடுங்க. கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டா கீழ மத்த வெர்ஷன்களுக்கு லிங்க் இருக்கும், பல தடவ அங்கயே ஃப்ரீ காப்பி மாட்டும், இயற்பியல் கணிதம்னா 1991லேர்ந்து ஓடுற ஆர்கைவ் (arXiv)னு பேப்பர்கள ஃப்ரீயா படிக்கிற சைட் வேற இருக்கு.

"சார் இந்த டாபிக்ல இருக்குற எல்லா மெட்டீரியலும் அனுப்புங்க, அர்ஜென்ட்"னு எழுதினா யார் பதில் போடுவா சொல்லுங்க, அது அவர உங்க வீட்டுப்பாடம் எழுதச் சொல்ற மாதிரி. அதுக்கு பதிலா "உங்க பேப்பர்ல ரெண்டாவது டேபிள்ல 40 பேர்னு இருக்கு, ரிசல்ட்ல 36 பேர்தான் வராங்க, மிச்ச நாலு பேர ஏன் எடுத்துட்டீங்க"ன்னு கேட்டுப் பாருங்க, படிச்சிருக்கான்னு அவருக்கே தெரிஞ்சிடும். நீங்க யாரு, எதுக்குக் கேக்குறீங்கன்னு ரெண்டு வரி போதும்.

அப்புறம் சுருக்கத்த மட்டும் படிச்சிட்டு மேற்கோள் போடாதீங்க ப்ளீஸ். சாட்பாட் குடுத்த ரெஃபரன்ஸ்னா இன்னும் உஷார், இல்லாத பேப்பர இருக்குற மாதிரியே அச்சு அசலா சொல்லும், டிஓஐ நம்பர (பேப்பருக்குன்னு குடுக்குற தனி அடையாள எண்) போட்டு அதே பேப்பர்தான் திறக்குதான்னு பாத்துட்டு எழுதுங்க.

பதில் வரலைன்னா ஒரு ரெண்டு வாரம் விட்டு ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கும் வரலைன்னா அந்தப் பேப்பர அவரோட சேர்ந்து எழுதினவங்க யாருக்காவது போடுங்க.