கேளுங்கோ சொல்லுறன்: சோளகக் காத்தும் கோல்ஃப் பந்தும்

*அண்ணை, எடின்பரோவில இருக்கிற தமையன் ஆடி மாசம் வரச்சொல்லி ஸ்பொன்சர் அனுப்பியிருக்கிறார். பெறாமகன் ஒரு கோல்ஃப் பைத்தியம், சித்தப்பா வாங்கோ ஸ்கொட்லாந்துக் கடற்கரை ஊர் சென் அன்ட்ரூஸில விளையாடுவம் எண்டு நிக்கிறான். அது பெரிய மனுசரின்ர கிளப் எல்லோ, எங்களை மாதிரி ஆக்களை உள்ள விடுவினமோ?*
– வாசகர், புதுக்குடியிருப்பு

தம்பி, முதல் உந்தப் பயத்தை விடுங்கோ. டிவில காட்டேக்க முதல் ஹோலுக்கு (பந்து அடிக்கத் துவங்கிற இடத்தில இருந்து அது விழவேண்டிய குழி வரைக்கும் ஒரு ஹோல்) பின்னால ஒரு பெரிய கல்லுக் கட்டிடம் தெரியும், அது தனியார் கிளப் தான், ஆனால் மைதானம் அவையின்ர இல்லை. அது ஊர்ச்சனத்தின்ர காணி. எங்கட பக்கம் மாடு மேய்க்கிற தரவை எப்பிடி ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமோ அப்பிடித்தான். 1552ல அந்த ஊர் ஆர்ச்பிஷப் ஹமில்டன் எழுத்தில குடுத்தவர், நான் இதில முயல் வளர்ப்பன், சனம் கோல்ஃப் விளையாடலாம் எண்டு. பிறகு 1797ல நகரசபை கடன்பட்டுக் காணியை வித்து, அது முயல் வியாபாரியளின்ர கையுக்குப் போய், முயல் கிண்டிக் கிண்டி நிலம் நாசமாகி, வழக்கு அடிபிடி எண்டு இழுபட்டு, 1821ல ஜேம்ஸ் சீப் எண்டவர் காணியை வாங்கின பிறகுதான் பிரச்சினை அடங்கினது. காணிப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் எழுதினதில்லை. இப்ப 1974ல இருந்து பாராளுமன்றச் சட்டத்தால அமைச்ச ஒரு டிரஸ்ட் தான் பாக்குது. அங்கத்தைய ஆகப் பழைய மைதானம் ஓல்ட் கோர்ஸ், வழக்கமா ஞாயித்துக்கிழமை அதில விளையாட்டு இல்லை, சனம் நாயைக் கூட்டிக்கொண்டு, பிள்ளையளைத் தள்ளுவண்டியில வைச்சுக்கொண்டு புல்லுக்கு மேலால நடந்து திரியும். மற்ற நாளிலயும் முதலாம் ஹோலையும் கடைசி ஹோலையும் வெட்டிக்கொண்டு ஒரு ரோட்டுப் போகுது, ஊர்ச்சனம் அதால கடக்கும், பந்து அடிக்கிறவை தான் பாத்து நிக்கவேணும்.

ஆனால் உள்ள விடுவினம் எண்டதும் ஓல்ட் கோர்ஸில நாளைக்கே விளையாடலாம் எண்டதும் ரெண்டு கதை. ஹண்டிகப் சேர்ட்டிபிக்கேற் கேப்பினம், அதாவது நீங்கள் எவ்வளவு மட்டமா விளையாடுறீங்கள் எண்டதுக்கு ஒரு நம்பர், அது இல்லாமல் ஓல்ட் கோர்ஸ் இல்லை. பெறாமகனிட்ட இருக்கும், உங்களிட்ட இருக்காது. இருந்தாலும் சீட்டு விழவேணும், விளையாடப்போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னம் ஆகக்குறைஞ்சது ரெண்டு பேராவது சேர்ந்து பேர் குடுத்தால் குலுக்கல் போடுவினம். விழுந்தால் கோடை காலத்தில ஒரு ஆளுக்கு முன்னூறு பவுண்சுக்கு மேல. எங்கட காசில அதைப் பெருக்கிப் பாக்காதேங்கோ, நித்திரை வராது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். அதே ஊரில அந்த டிரஸ்டின்ர ஏழு கோர்ஸ் இருக்கு, அதில பல்கோவ் எண்டது ஒன்பது ஹோல் மட்டும், பழகுற ஆக்களுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் எண்டே போட்டது, ஹண்டிகப் ஒண்டும் கேக்காயினம். பெறாமகனோட அதில ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, பிறகு அவன் ஓல்ட் கோர்ஸில விளையாடேக்க நீங்கள் பாக் தூக்கிக்கொண்டு பின்னால நடவுங்கோ. உண்மையாச் சொல்லுறன், பாக் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் அந்த நிலம் வடிவாத் தெரியும். பிறகு ஊருக்குள்ள றெயில் இல்லை, 1969ல மூடிட்டினம், பக்கத்தில லூகார்ஸில இறங்கி பஸ் பிடியுங்கோ. ஆடி மாசம் எண்டாலும் ஜாக்கெட் கொண்டுபோங்கோ.

*நான் கடல்தொழில் செய்யிறன். மகன் போன்ல காட்டினான், புல்லுத்தரை, தண்ணியும் பெரிசா இல்லை, மரமும் இல்லை. இதில என்னத்தைக் கஷ்டம் எண்டு கத்துறாங்கள்?*
– வாசகர், அளம்பில்

அண்ணை, உங்களுக்குத்தான் இது கெதியா விளங்கும். கஷ்டம் காத்து. நான் டண்டீயில பதினொரு வருசம் இருந்தனான், டே ஆத்துப் பாலம் கடந்தால் சென் அன்ட்ரூஸ், அதால பொழுதுக்கும் போவன். எங்களிட்ட சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எண்டு காத்துக்குப் பேர் இருக்கு, எந்த மாசம் எது வரும் எண்டும் தெரியும். அங்க அந்த ஒழுங்கு கிடையாது. ஓல்ட் கோர்ஸ் ஒரு பக்கமாப் போய் முனையில திரும்பி அதே வழியால வாறது, போகேக்க எதிர்க்காத்து, சரி வரேக்க பின்னால தள்ளும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு போனால் சில நாள் நீங்கள் திரும்புற நேரம் காத்தும் திரும்பிடும், ரெண்டு பக்கமும் எதிர்க்காத்தில அடிச்ச ஆள் நான்.

அதால பந்தை மேல கிளப்பினால் போச்சு. தாழ்வா, நிலத்தோட உருட்டவேணும். அந்த நிலம் மணலுக்கு மேல முளைச்ச குட்டைப்புல்லு, இறுகினது, பந்து விழுந்தால் நிக்காது, அது பாட்டுக்கு ஓடும். குழியைப் பாத்து நேரா அடிக்கிறவன் தோத்துப்போவான், பத்து யார் இடப்பக்கம் அடிச்சு நிலமே உருட்டிக்கொண்டு போகட்டும் எண்டு விடுறவன் தப்புவான். நீரோட்டம் பாத்து வலை விடுற உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்தது பங்கர். எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேற ஞாபகம் தான் வரும், எனக்கும் முதல் நாள் அப்பிடித்தான், பாக் தூக்க வந்த கிழவர் "அங்க பங்கர், கவனம்" எண்ட உடன ஒரு கணம் குனிஞ்சிட்டன். இது மணல் குழி அண்ணை. ஆடுகள் காத்துக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்து உண்டானது எண்டு ஒரு கதை சொல்லுவினம். நாங்கள் ஓடிப்போய் உள்ள இறங்கினது உயிர் தப்ப, அங்க உள்ள விழுந்தால் வெளிய வாறதுதான் பாடு. ஓல்ட் கோர்ஸில மட்டும் 112 இருக்கு. பதினாலாம் ஹோலில ஹெல் பங்கர், நரகம் எண்டே பேர், ஆள் உயரத்தை விட ஆழம். 1995 ஓப்பன் எண்ட பெரிய போட்டியில பேர்போன ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் அதுக்குள்ள விழுந்து அந்த ஒரு ஹோலுக்கு மட்டும் பத்து அடி அடிச்சவர். 1978ல யப்பான்காரர் நகஜிமா பதினேழாம் ஹோலில கிரீனுக்கு, அதாவது குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்லுக்கு, வந்திட்டார், மெல்லத் தட்டினது உருண்டு போய் பங்கருக்குள்ள விழுந்து ஒன்பதில முடிஞ்சுது. பொபி ஜோன்ஸ் 1921ல பதினோராம் ஹோல் பங்கரில பட்ட பாட்டில ஆட்டத்தையே விட்டிட்டுப் போனவர், பிறகு 1927ல அதே மண்ணில வந்து ஓப்பன் வெண்டவர். இவையளுக்கே இந்தக் கதி எண்டால் என்ர ஸ்கோரை ஏன் கேக்கிறியள்.

ஒண்டு மட்டும் சொல்லுறன். நான் ஹெல் பங்கரில மூண்டு தரம் முன்னால அடிச்சு மூண்டு தரமும் மண் சுவரில பட்டுக் காலடிக்கே வந்தது. கிழவர் ஒண்டும் பேசேல்லை, கையால பின்னுக்குக் காட்டினார். பின்னுக்கு அடிச்சன், ஒரே அடியில வெளிய.

*ஏன் 18 ஹோல்? 20 எண்டு வைச்சால் கணக்குக்கு லேசு எல்லோ?*
– மாணவன், மாங்குளம்

முதல் ஓல்ட் கோர்ஸில 22 இருந்தது தம்பி. 1764ல சின்னச் சின்ன ஹோல் கொஞ்சத்தைச் சேர்த்துப்போட்டினம், 18 ஆச்சு, பிறகு உலகமே அதைப் பிடிச்சுக்கொண்டுது. வேற தத்துவம் ஒண்டும் இல்லை. ஆனால் கணக்கு உனக்கு விருப்பம் எண்டால் இது கேள்: ஓல்ட் கோர்ஸில ஏழு கிரீன் ரெண்டு ரெண்டு ஹோலுக்குப் பொது, அப்பிடிச் சேர்ந்த ரெண்டு ஹோலின்ர நம்பரையும் கூட்டினால் எப்பவும் 18 வரும்.

*பொம்பிளையள் விளையாடலாமோ? அவரோட போனால் நான் என்ன, வெளிய குந்தியிருக்கிறதோ?*
– வாசகி, வவுனியா

ஏன் குந்தவேணும் தங்கச்சி. ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலயே ஹிமாலயாஸ் எண்டு ஒரு இடம், முழுக்க மேடும் பள்ளமுமா இருக்கும், பந்தைத் தட்டி உருட்டுறது மட்டும் தான் வேலை. 1867ல பொம்பிளையள் கிளப்புக்கெண்டு துவங்கினது, இப்ப யாரும் கொஞ்சக் காசு கட்டி மட்டையும் பந்தும் வாங்கி விளையாடலாம். என்ர மனுசி என்னை அதில மூண்டு தரம் வெண்டவ. அதை எழுதச்சொல்லி இப்பவும் பக்கத்தில நிக்கிறா.

*முல்லைத்தீவுக் கடற்கரையில இப்பிடி ஒண்டு போட்டால் வெளிநாட்டுக்காரர் வருவினம், காசு வரும் எண்டு ஒருத்தர் சொல்லுறார். உங்கட அபிப்பிராயம்?*
– வாசகர், முள்ளியவளை

மணல் இருக்கு, காத்து இருக்கு, அங்க கிடக்கிற குத்துப்புல்லுக்குப் பதிலா இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் இருக்கு. ஆனால் அங்க அந்தப் புல்லு குளிருக்கும் தூறலுக்கும் தானா நிக்குது, எங்கட ஆவணி வெயிலுக்கு ஆர் தண்ணி ஊத்துறது? நல்ல தண்ணிக் கிணறு வத்தும், வாடியளைக் கிளப்பச் சொல்லுவினம், கரைவலை இழுக்க இடம் போகும். அங்க சனத்தின்ர காணியில விளையாட்டு வந்தது, இஞ்சை விளையாட்டுக்கு எண்டு சனத்தின்ர காணி போகும். கோல்ஃப் ஆசை எனக்கு இருக்கு, அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். விளையாடுறவை அம்பாந்தோட்டைக்குப் போகட்டும், கடற்கரையில 18 ஹோல் அங்க இருக்கு.

நான் இப்பவும் பின்னேரத்தில ஒரு பழைய மட்டையோட கரைக்குப் போறனான், வலை இழுக்கிற நேரம் விலத்தி நிப்பன். ஏழு பந்து கொண்டந்தது, மூண்டு தான் மிச்சம். போன கிழமை ஒரு பெடியன் மணலுக்குள்ள இருந்து ஒண்டைக் கிண்டி எடுத்து ரெண்டு கையிலயும் பொத்திக்கொண்டு மெதுவா நடந்து வாறான், "அப்பு, ஆமை முட்டை, திருப்பித் தாட்டுவமோ" எண்டு.