விடிலியில் பாடிய அம்மாவின் பாட்டு எங்கே?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): வங்கியில் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்தான் சொந்த ஊர். இப்போது சென்னையில் மனைவியுடன் வசிக்கிறேன். கர்த்தருடைய கிருபையால் இதுவரை நூற்று நாற்பது கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறேன். ‘பின்வரும் சந்ததியான பிள்ளைகளுக்கு’ அவருடைய அதிசயங்களை விவரிக்க வேண்டும் என்று 78ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம் சொல்வதே என்னை எழுதத் தூண்டியது. என் தாயாரும் எங்கள் சிறுவயதில் ஏதாவது பாட்டுக் கட்டி, பனையேறியான தகப்பனார் இறக்கிய பதநீரைக் காய்ச்சும் குடிசையான விடிலியில் பாடிக்கொண்டிருப்பார்கள். படிக்காதவர்கள் என்பதால் அவற்றுக்கு இலக்கணமோ இராகமோ இல்லை, எழுதியும் வைக்கவில்லை. இப்போது எண்பத்தாறு வயதில் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். என் பாடல்களில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை. கையில் நான்கு இலட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கெட்டி அட்டைப் புத்தகமாக அச்சிடுவதா, நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர்களை வைத்துப் பதிவு செய்வதா? எது தலைமுறைகளுக்கு நிற்கும்?

பதில்: புத்தகமா, ஒலிப்பதிவா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது எளிய கேள்வி. ஓய்வுபெற்ற பலரும் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. நூற்று நாற்பது கீர்த்தனைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் தாயாரைப் பற்றி மூன்றே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றிலும் அவர்களுக்கு இல்லாததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்: படிப்பு இல்லை, இலக்கணம் இல்லை, இராகம் இல்லை, எழுத்து இல்லை. பாட்டு இருந்தது என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் மேற்கோள் காட்டிய சங்கீதத்தைத் திறந்து, நான்காம் வசனத்துக்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். ‘அவைகளை நாங்கள் கேட்டு அறிந்தோம், எங்கள் பிதாக்கள் அவைகளை எங்களுக்குத் தெரிவித்தார்கள்’ என்று இருக்கிறது. பின்வரும் சந்ததிக்கு விவரிப்போம் என்று சொல்லும் தகுதி, முன்சென்றவர்களிடமிருந்து கேட்டு அறிந்தவர்களுக்கே அங்கே கொடுக்கப்படுகிறது. நீங்கள் மூன்றாம் வசனத்தைத் தாண்டி நான்காம் வசனத்தில் போய் நின்றுகொண்டு, எனக்குப் பின்னால் யாரும் வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். அந்த மூன்றாம் வசனத்துக்கு உரியவர்கள் இன்னும் உயிரோடு, நினைவோடு, நாசரேத்துக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள்.

படிக்காதவர்களின் பாட்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு எதிலிருந்து எழுந்தது என்பதை, அந்த மரபில் எழுதுவதாகச் சொல்லும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாக ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சாவூருக்குச் சென்று வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், விசுவாசத்தைப் பாட விரும்பியபோது எந்த உருவங்களைக் கையில் எடுத்தார் என்று பாருங்கள். பெத்லகேம் குறவஞ்சி, ஞானக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞான நொண்டி நாடகம் என்று அவருடைய படைப்புகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும். குறி சொல்லும் குறத்தியும், வட்டமாய் நின்று கைகொட்டும் பெண்களும், கிணற்றில் ஏற்றம் இறைக்கும் ஆள்களும், தெருவில் நடந்த நாடகமும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன. சரபோஜி மன்னருடைய அவைக்கு வேண்டியவராக இருந்த ஒரு புலவருக்கு உயர்ந்த யாப்பு தெரியாமல் இல்லை. உழைக்கிறவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த பாட்டை அவர் கூர்ந்து கேட்டார், அதன் நடையை மதித்தார், அதற்குள் வேதத்தை வைத்தார். அதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஆலயங்களில் அவருடைய கீர்த்தனைகளுக்குப் பாடகர் குழு தேவைப்படுவதில்லை. முதல் அடியை யாராவது எடுத்தால் சபை முழுவதும் சேர்ந்துகொள்கிறது.

பதநீர் காய்ச்சும் விடிலியில், அனல் முன்னே உட்கார்ந்து, கருப்பட்டிப் பதம் வரும்வரை துடுப்பைக் கிண்டிக்கொண்டே ஒரு பெண் தன் ஆண்டவரைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருக்கிறாள் என்றால், சாஸ்திரியார் அதைக் கேட்க நேர்ந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். நீங்கள் அந்த அடுப்பின் அருகிலேயே வளர்ந்தும், அதைப் பாட்டு என்று எண்ணவில்லை.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அந்தக் காப்பியம் 1894இல் நூலாக வந்தது. கிறிஸ்தவரான பிறகு, தாம் பிறந்த வீட்டிலும் பயின்ற இடத்திலும் பெற்ற கம்பனையும் ஆழ்வார்களையும் அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அந்தச் செல்வத்தை முழுவதும் எடுத்துக்கொண்டு வந்து கர்த்தருடைய பாதத்தில் வைத்தார். சமயம் மாறிய அவரே வீட்டிலிருந்து பெற்றதைக் கைவிடவில்லை. தாயாரின் சமயத்திலேயே, அவர்கள் சபையிலேயே, அவர்கள் கூரையின்கீழேயே பிறந்து வளர்ந்த நீங்கள் உங்கள் வீட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டு கீர்த்தனைகளிலும் அந்தக் குறை தெரிகிறது. எதுகை பிழையில்லை, பல்லவியும் அனுபல்லவியும் சரணங்களும் அளவோடு நிற்கின்றன, இராகமும் தாளமும் குறித்திருக்கிறீர்கள். ஆனால் கருணாகரன், பரம பிதா, திவ்விய நேசர் என்று மற்றவர்கள் பாடிப் பழகிய சொற்களே அடுக்கடுக்காக வருகின்றன; எந்த ஊரில், எந்த வேலைக்கு நடுவில், எந்தத் துயரத்தில் ஒருவர் இந்த இரட்சகரைக் கண்டார் என்பது அந்த அடிகளில் எங்கும் இல்லை. பனையேறியின் மகனாகப் பிறந்தவர் எழுதிய பாட்டில் ஒரு பனைகூட இல்லை. தேரிக்காட்டுச் செம்மண் இல்லை. தகப்பனார் பனையில் இருக்கும்போது கீழே நின்ற தாயார் என்ன ஜெபித்திருப்பார்கள்? அதை எழுதத் தெரிந்தவர் உங்களைத் தவிர வேறு யார்?

பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்கிறீர்கள். பெற்றோர் உருவாக்கியதை எப்படி நடத்த வேண்டும் என்பதை உங்கள் பிள்ளைகள் யாரிடம் கற்றிருப்பார்கள்? அவர்கள் வளர்ந்த ஆண்டுகள் முழுவதிலும், தங்கள் அப்பா பாட்டியம்மாவின் ஒரு பாட்டையாவது வீட்டு ஜெபத்தில் பாடியதை அவர்கள் கேட்டிருக்கிறார்களா? உங்கள் கடிதத்திலிருந்து, கேட்டிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூர் இசை அறிஞர் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை 1917இல் வெளியிடுவதற்கு முன்பே தம் பெண்மக்களுக்கு இசையைக் கற்றுக்கொடுத்திருந்தார். 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டுக்கு அவர்களையும் அழைத்துச் சென்று, தாம் எழுத்தில் நிறுவ முயன்றதை அவர்கள் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார். புத்தகம் அச்சாகும் முன்பே அது வீட்டுக்குள் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போயிருந்தது.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது, அவனுக்குள் இருக்கும் விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும் தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்தது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உங்கள் கடிதத்தில் தாயாருடைய பெயரும் இல்லை, தங்கையின் பெயரும் இல்லை. இரண்டு பாடகர்களின் பெயர் இருக்கிறது.

தங்கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். எண்பத்தாறு வயதுத் தாயாரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து கவனித்துக்கொண்டிருக்கிறவர் அவர். மூத்த மகன் என்ற முறையில் அந்தப் பாரத்தில் உங்கள் பங்கு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுத மறந்திருந்தால் நல்லது. தாயாரைக் கனம்பண்ணுவது கட்டளை. கீர்த்தனை இயற்றுவது அந்தக் கட்டளைக்கு மாற்று ஆகாது. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுதப்படும் துதி யாருடைய காதுக்குப் போகிறது என்று நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகையால் இந்த வாரமே ஊருக்குப் போங்கள். இரண்டு நாளில் திரும்பும் பயணமாக வேண்டாம். ஒரு மாதமாவது தங்குங்கள். உங்கள் கீர்த்தனை நோட்டுகளைச் சென்னையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் கைப்பேசியை நீட்டி, பாடுங்கள் என்று முதல் நாளே கேட்காதீர்கள். வயதானவர்கள் அப்படிக் கேட்டால் எல்லாம் மறந்துவிட்டது என்பார்கள். தங்கை செய்யும் வேலையில் பாதியை நீங்கள் செய்யுங்கள். காலையில் கஞ்சி கொடுக்கும்போதும், மாலையில் முற்றத்தில் உட்கார வைத்திருக்கும்போதும், அப்பாவைப் பற்றியும் பனைக்காலத்தைப் பற்றியும் பேசுங்கள். உங்களுக்கு நினைவிருக்கும் ஓர் அடியை நீங்களே பாடுங்கள், தப்பாகப் பாடினாலும் சரி. அவர்கள் திருத்துவார்கள், திருத்தும்போது அடுத்த அடி வரும்.

வருவதை அப்படியே எழுதுங்கள். ‘வந்துருக்காரு’ என்று அவர்கள் பாடினால், ‘வந்திருக்கிறார்’ என்று மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. இராகம் இது என்று தலைப்பில் போடாதீர்கள். குரலைப் பதிவு செய்துகொண்டால் மெட்டு அதில் இருக்கும். ஒவ்வொரு பாட்டையும் எப்போது பாடினார்கள், யாரிடமிருந்து முதல் அடி வந்தது, பிள்ளை பிறந்தபோது கட்டியதா, யாரையாவது அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் கட்டியதா என்று கேட்டுப் பாட்டின் கீழே எழுதுங்கள். தங்கைக்கு நிச்சயமாக உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் பெயரையும் எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளை வீடியோவில் அழைத்து, வீட்டு ஜெபத்தை அம்மாவின் அறையிலேயே நடத்துங்கள். அங்கே அம்மாவின் பாட்டுதான் பாடப்பட வேண்டும், உங்களுடையது வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியார் பாடத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஊர் ஊராகப் பாடப்பட்டுவந்த பாட்டுகள் பின்னர்தான் புத்தகத்துக்குள் வந்தன. யாரும் பாடாத பாட்டைக் கெட்டி அட்டை காப்பாற்றாது, விலை உயர்ந்த ஒலிப்பதிவுக் கூடமும் காப்பாற்றாது. எனவே இரண்டுக்கும் இப்போது செலவு செய்ய வேண்டாம். நான்கு இலட்சத்தில் ஒரு பகுதியைத் தங்கையின் கையில் கொடுத்து, அம்மாவைக் கவனிக்க உதவியாக ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவின் பாட்டுகள் எத்தனை கிடைக்கின்றனவோ அத்தனையையும் சாதாரணத் தாளில், அவர்கள் பெயரிலேயே, சிறு புத்தகமாக அச்சிட்டு, ஊர்ச் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையன்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். உங்கள் நூற்று நாற்பதை அதற்குப் பிறகு எடுத்து வாசியுங்கள். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை மறுபடி எழுதுவது என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு மேலும் ஐயம் இருந்தால் மீதிப் பணத்தை என்ன செய்வது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள், அச்சகத்தைப் பற்றிப் பேசலாம்.