கழுத்தில் தொடங்கும் இடுப்பு நோய்

அன்புள்ள அக்கா,

முதுகுவலி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 33. இரண்டு வருடமாகக் கழுத்தும் மேல்முதுகும் வலிக்கின்றன, குதிகாலை ஊன்ற முடியவில்லை, எந்நேரமும் அசதி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸாக (முதுகெலும்பிலும் அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலும் வரும் அழற்சி நோய்) இருக்குமோ என்று கேட்டால், "அது ஆண்களுக்கு வருவதும்மா, உங்களுக்கு டென்ஷன்" என்கிறார்கள். மனசுதான் காரணமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் மருத்துவர் இல்லை, உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் சொன்ன காரணம் ரொம்பப் பழையது. எக்ஸ்ரேயில் மூட்டு சேதமானது தெரிந்தால்தான் இந்த நோய் என்று இருந்த காலத்தில், பெரும்பாலான நோயாளிகள் ஆண்களாகவே தெரிந்தார்கள். இந்த நோயில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பெண்களுக்குப் பொதுவாகக் குறைவு, மெதுவாகவும் நடக்கும். வலி மட்டும் குறைவதில்லை. எக்ஸ்ரேயில் தெரியாத கட்டத்தையும் 2009-இல் வந்த வகைப்பாடு சேர்த்துக்கொண்டது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள்.

கழுத்து, மேல்முதுகு, குதிகாலில் தசைநார் எலும்போடு சேரும் இடம், உடம்பெல்லாம் வலி, அசதி என்று பெண்களுக்கு இது சிதறி வருவது அதிகம், அதனாலேயே பலருக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் வலியும் அசதியும் தரும் வேறொரு நோய்) என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் (இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதுதான் இதில் வம்பு). பி27 நெகட்டிவ் என்பதும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதும் நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

வலி எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா, எழுந்து நாலு நடை நடந்தால் இளகுகிறதா, காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடிக்கிறதா, படுத்து ஓய்வெடுத்தால் இன்னும் மோசமாகிறதா? புட்டத்தில் வலது, இடது என்று மாறி மாறி வலித்ததுண்டா? கண் சிவந்து வெளிச்சம் கூசியது, சொரியாசிஸ், குடல் அழற்சி என்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்ததா? இந்த நோயைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் இவை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாதநோய் நிபுணரைப் பாருங்கள். டென்ஷனா? இரண்டு வருடம் வலியோடு இருந்தால் யாருக்குத்தான் வராது.

அப்புறம், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், சமீபத்தில் பிரசவம் ஆகியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நோயே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் அந்த இடத்தில் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது ஸ்கேனில் தெரியலாம், அதை இந்த நோய் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அன்புடன்,
அக்கா