மலிவு ரைபிள் குறி தப்புமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி எயார் ரைபிள் பற்றியவை. மீதி, கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற பிள்ளைகளும் மச்சான்மாரும் வேட்டைக்கு வாங்கிய ரைபிள்களைப் பற்றி இங்கே மலையகத்தில் இருக்கிற உறவுகள் கேட்டவை. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். எழுதும்போது ரைபிளின் பெயர், என்ன அளவு, என்ன ரவை அல்லது குண்டு, எத்தனை மீற்றர், எதில் சாய்த்துச் சுட்டீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். இவை இல்லாமல் வருகிற கடிதத்துக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.

தலவாக்கலை: கனடாவில் இருக்கும் மகன் மான் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்து, சவேஜ் எக்சிஸ் ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் "இது பிளாஸ்டிக் துவக்கு, குறி நிற்காது" என்கிறார்களாம். காசை வீணாக்கிவிட்டானா?

இல்லை ஐயா, குறி நிற்கும். இன்றைக்கு எக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட் மாதிரியான விலை குறைந்த போல்ட் ரைபிள்களில் (ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து ரவை ஏற்றுகிறவை) கம்பெனிக்காரன் குழலில் மிச்சம் பிடிப்பதில்லை. கட்டையில், மெகசீனில், மேல்பூச்சில், போல்ட் ஓடுகிற வழுவழுப்பில் மிச்சம் பிடிக்கிறான். குழலை ஒரு பெரிய நட் போட்டு உடலோடு இறுக்குகிற முறை சவேஜின் 110 மாடலில் 1958இலேயே வந்துவிட்டது. ரவை உட்காருகிற ஆழத்தைத் தொழிற்சாலையில் சுலபமாகவும் சரியாகவும் வைக்க அது உதவும். அதனால் விலையும் குறைகிறது, குறியும் கெடுவதில்லை. 2003இல் அதே கம்பெனி நாமே இறுக்கம் குறைத்துக்கொள்ளக்கூடிய ட்ரிகரைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் தங்கள் ட்ரிகரைத் திருத்த வேண்டி வந்தது.

மகன் கவனிக்க வேண்டிய இடம் முன்கட்டை. முதலில் போல்ட்டைத் திறந்து, ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு தாள்காசைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்பக்கமாக இழுக்கட்டும். தடையில்லாமல் போக வேண்டும். அப்புறம் முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுக்கட்டும். தாள்காசு இறுகினால் கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது என்று அர்த்தம். அப்படியான கட்டை பைபொட்டில் (இரண்டு கால் தாங்கியில்) ஒரு இடத்திலும் மணல் பையில் வேறொரு இடத்திலும் சுடவைக்கும். மணல் பையை முன்கட்டையின் நுனியில் வைக்காமல் மெகசீனுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கினிகத்தேனை: எயார் ரைபிளுக்கு எந்த ஸ்கோப்பும் போடலாமா?

போட முடியாது. ஸ்பிரிங் எயார் ரைபிள் பின்னுக்கும் உதைக்கும், முன்னுக்கும் உதைக்கும். எயார் ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப் இல்லையென்றால் சில நூறு வெடியில் உள்ளே குறிபார்க்கிற குறுக்குக் கம்பி ஆடத் தொடங்கிவிடும்.

பண்டாரவளை: மெல்பேர்னில் இருக்கும் மச்சான் லைசன்ஸ்காரர். பழைய ரைபிள் ஒன்று வாங்கப் பார்க்கிறார். விற்கிறவர் அனுப்பிய போட்டோவில் 100 மீற்றரில் சுட்ட மூன்று ஓட்டையும் ஒரு ரூபாய்க் குற்றிக்குள் அடங்குகிறது. அதைக் காட்டி விலை கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா? வேட்டைக்கு எவ்வளவு குறி போதும்?

அந்தப் போட்டோவுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம் தம்பி. இதைப் பற்றி நான் பல தடவை எழுதிவிட்டேன். கடிதம் வந்துகொண்டே இருப்பதால் திரும்பவும் எழுதுகிறேன்.

மூன்று வெடி ஒரு ரைபிளை அளக்காது. ஒரு ரைபிள் மூன்று வெடியில் சராசரியாக 3 சென்ரிமீற்றர் குரூப் (ஓட்டைகள் பரந்திருக்கிற அகலம்) காட்டினால், அதே ரவையோடு அதே கை பத்து வெடி சுடும்போது சராசரி 4.5, 5 சென்ரிமீற்றருக்குப் போகும். ரைபிளில் எந்த மாற்றமும் இல்லை. வெடி கூடும்போது ஓரத்துக்குப் போகிற ஒன்றிரண்டும் வந்து விழுகின்றன, அவ்வளவுதான். நான் சொன்னது சராசரி. தனியாக ஒரு மூன்று வெடியை எடுத்தால் அது சராசரியில் பாதியாகவும் வரும், ஒன்றரை மடங்காகவும் வரும். ஒரு காலை முழுக்கச் சுட்டவரிடம் ஆறேழு கடதாசி இருக்கும். அதில் எதைப் போட்டோ பிடிப்பார்? நாலாவது வெடி வெளியே போனால் "அது என் கை இழுத்தது" என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். காட்டில் மானுக்கு முன்னால் கை இழுத்தால் அந்த வெடியை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் இருக்கிறது. ஒரு கடையிலிருந்து வாங்கிய இரண்டு எயார் ரைபிள்கள் ஒரே வாரத்தில் என் மேசைக்குப் பழுதுபார்க்க வந்தன. இரண்டு பெட்டியிலும் "உங்கள் ரைபிள் சுட்டது" என்று ஒவ்வொரு சோதனைக் கடதாசி இருந்தது. தொடரிலக்கம் வேறு வேறு. சந்தேகம் வந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஐந்து ஓட்டையும் அச்சு மாறாமல் பொருந்தின; மூன்றாவது ஓட்டையின் வலப்பக்கம் கிழிந்திருந்த விதம்கூட இரண்டிலும் ஒன்றுதான். கடதாசிகளை அடுக்கி வைத்து ஒரே ரைபிளால் சுட்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒருவர் லீக்ஸ் தோட்டக்காரர். அந்தக் கடதாசியை நம்பி, பிழை தன் கையில்தான் என்று நினைத்து, இரண்டு டின் குண்டைச் சுட்டுத் தீர்த்திருந்தார். குழல் மூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

மச்சான் விற்கிறவரிடம் பத்து வெடி கேட்கட்டும். எல்லாம் ஒரே பெட்டி ரவை. வேட்டை ரைபிளின் குழல் மெல்லியது, சீக்கிரம் சூடேறும்; அதனால் ஐந்து சுட்டு, குழலை ஆறவிட்டு, மற்ற ஐந்தையும் சுட வேண்டும். நடுவில் ஸ்கோப்பைத் தொடக் கூடாது. முடிந்தால் வேறொரு நாளில் இன்னொரு ஐந்து. கடதாசிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குரூப் எவ்வளவு பெரிது என்பதோடு, அதன் நடு இடம் நகர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். வேட்டைக்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அவர் சுடப்போவது குளிர்ந்த குழலில் ஒரே ஒரு வெடி. அது நேற்றுப் பட்ட இடத்திலேயே இன்றைக்கும் பட வேண்டும்.

எவ்வளவு போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கிற பகுதி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். பத்து வெடியை 100 மீற்றரில் 6 சென்ரிமீற்றருக்குள் வைக்கிற ரைபிள் 200 மீற்றரில் 12க்குள் வைக்கும். மலிவு ரைபிள்களில் நல்ல பங்கு இதை ஒழுங்கான ரவையோடு செய்துவிடும். "ரவை விலை, பத்து வெடி கட்டாது" என்று விற்கிறவர் சொன்னால், அந்தப் பத்து ரவையை மச்சானே வாங்கிக் கொடுக்கட்டும். ரைபிளின் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு. அதற்கும் ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்கக் கூடாது.

போகும்போது ஒரு சின்ன டோர்ச் கொண்டு போகட்டும். ரவை இல்லை என்று பார்த்தபின் குழலின் வாய் விளிம்பைப் பார்க்க வேண்டும். துப்புரவுக் கம்பியை முன்பக்கமாக விட்டு விட்டு எடுத்த ரைபிளில் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அப்புறம், நான் எப்போதும் சொல்கிற திருகாணிகள்.

வெலிமடை: எயார் ரைபிள் பெட்டியில் செக்கனுக்கு 1200 அடி வேகம் என்று போட்டிருக்கிறது. பக்கத்துக் கடையில் உள்ளது 700 அடிதான். வேகமானதுதானே நல்லது?

இல்லை. அந்த 1200 அடி, ஈயமே இல்லாத மிக லேசான குண்டைப் போட்டு எடுத்த கணக்கு. ஒலியின் வேகம் ஏறத்தாழ 1100 அடி. அதற்குப் பக்கத்தில் போகிற குண்டு ஆடும், குறி சிதறும். நல்ல ஈயக் குண்டோடு 600 முதல் 800 அடிவரை போகிற ரைபிள்தான் கடதாசியில் ஒழுங்காகச் சுடும். வேகத்துக்குக் கொடுக்கிற காசை நாலைந்து வகைக் குண்டு வாங்கக் கொடுங்கள். ஒரே ரைபிள் ஒரு வகைக் குண்டில் சிதறும், இன்னொன்றில் அடங்கும். எது என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுட்டபின் கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம், ஈயம் நஞ்சு.

ஹட்டன்: புது எயார் ரைபிள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் படுகிறது. கம்பெனிக் குறையா?

என்ன குண்டு, எத்தனை மீற்றர், எப்படிப் பிடித்தீர்கள், ஒன்றுமே எழுதவில்லையே தம்பி. கம்பெனியைக் குறை சொல்ல முதல் கட்டையின் திருகாணிகள் எல்லாவற்றையும், ஸ்கோப்பின் பிடிகளையும் இறுக்குங்கள். என்னிடம் "குழல் போய்விட்டது" என்று வருகிற ரைபிள்களில் அதிகமானவை தளர்ந்த திருகாணியோடுதான் வருகின்றன. அது சரி என்றால் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள். குண்டு குழலை விட்டு வெளியே போக முன்னமே உள்ளே பிஸ்டன் ஓடி, ரைபிள் குலுங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிக் குலுங்கும். உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ரைபிளைச் சும்மா கிடக்கவிட்டு, எப்போதும் ஒரே இடத்தில் தாங்குங்கள். குண்டு போடாமல் வெறும் வெடி வைக்காதீர்கள், பிஸ்டன் சீல் போய்விடும். காற்று அறைக்குள் எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் எரிந்து புகையும், வேகம் தாறுமாறாகும். இவ்வளவும் செய்தும் மாறாவிட்டால், குழலை மடக்கும் மூட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இராகலை: உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பன்றி கிளறுகிறது. 5.5 மில்லிமீற்றர் எயார் ரைபிளால் காட்டுப்பன்றியை விழுத்தலாமா? முடியாவிட்டால் கட்டுத்துவக்கு (மிருகம் தட்டினால் தானாக வெடிக்கக் கட்டி வைக்கிறது) நல்லதா, கம்பிச் சுருக்கு நல்லதா?

முடியாது. காயப்பட்ட பன்றி உங்கள் பக்கம்தான் திரும்பும். பயிர்க் காவலுக்குத் துவக்கு வேண்டுமென்றால் மாவட்டச் செயலகம் வழியாக அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். எயார் ரைபிளாக இருந்தாலும் வாங்க முதல் பொலிஸில் கேட்டுப் பத்திரத்தைச் சரிபாருங்கள்.

கட்டுத்துவக்குக்கும் சுருக்குக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப் போனது. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் தெரியாது, விறகு பொறுக்கப் போகிற பிள்ளையும் தெரியாது.

ஹப்புத்தளை: மலைச் சரிவில் மேல்நோக்கிச் சுட்டால் குறி தாழும், கீழ்நோக்கிச் சுட்டால் உயரும் என்கிறார்களே?

இரண்டிலும் உயரத்தான் படும். குண்டைக் கீழே இழுப்பதற்குக் கணக்கு கிடைமட்டத் தூரம். 30 பாகைச் சரிவில் 200 மீற்றர் என்றால் 175 மீற்றர் போல நினைத்துச் சுட வேண்டும். 100 மீற்றருக்குள் இதை நினைத்துக் குழம்பத் தேவையில்லை.

மஸ்கெலியா: தாத்தாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்த பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு, பத்திரத்தோடு இருக்கிறது. குழல் முழுக்க அலை அலையாகக் கோடு. இன்றைய ரவை போட்டுச் சுடலாமா?

சுட வேண்டாம் அம்மா. அந்த அலைக்கோடு இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த பழைய குழலின் அடையாளம். கரிமருந்துக் காலத்துச் சாமான். உள்ளே துரு எங்கே தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது. இன்னொன்று, அந்தக் காலத்துப் பிரித்தானியத் துவக்குகளில் பலவற்றின் ரவை அறை இரண்டரை அங்குலம். இன்றைய இரண்டே முக்கால் அங்குல ரவை அதற்குள் நன்றாக உட்காரும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடிவிடும். "உள்ளே போகிறதே" என்று சுட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. பத்திரத்தை வருஷா வருஷம் தவறாமல் புதுப்பியுங்கள், துவக்கை ரவை இல்லாமல் பூட்டி வையுங்கள். சுடத்தான் வேண்டுமென்றால் குழலை அளக்கக் கருவி வைத்திருக்கிற ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு.

நுவரெலியா: எவ்வளவு எண்ணெய் பூசினாலும் எயார் ரைபிளில் துரு. நல்ல தடித்த துணிப்பையில்தான் வைத்திருக்கிறேன். மலிவு இரும்பா?

துணிப்பைதான் காரணம். 1800 மீற்றருக்கு மேலே, மாதக்கணக்கில் மூடுபனி. துணி ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழலின் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பையின் நாடாவை இறுக்கிக் கட்டுகிற இடத்தில், மோதிரம் போட்ட மாதிரி ஒரு துரு வளையம். மற்ற இடமெல்லாம் புள்ளிதான். பையை விட்டுவிட்டு, பூட்டுப் போட்ட அலுமாரிக்குள், சுவரைத் தொடாமல், வெறுமனே நிறுத்தி வையுங்கள். வெளியே கொண்டுபோய் வந்தால் முதலில் காய்ந்த துணியால் துடைத்து, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் மெல்லிய எண்ணெய். இப்போது இருக்கிற வளையத்தை மிக நைசான இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போகும். குழி விழுந்திருந்தால் அப்படியே விடுங்கள், வெளிக்குழியால் குறி கெடாது.