வாசகர் கேள்வி: நூற்றுக்கு 95 சரி என்றால் என்ன?

கேள்வி: நாங்கள் பரம்பரையாக மாடு வளர்ப்பவர்கள். ஆந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயை இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரியை (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை) கொண்டு அறியும் பரிசோதனை நூற்றுக்கு 95 சரியானது என்கிறார், ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கும் என் தங்கையின் மகள். அப்படியானால் மாட்டுடன் புழங்கும் எல்லோரையும் ஒருமுறை பரிசோதித்துவிடலாமே?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: நோயுள்ளவரைத் தவறவிடாமல் காட்டுவது ஒரு திறன்; நோயில்லாதவரை நோயாளி என்று காட்டாமல் விடுவது வேறொரு திறன். இரண்டுமே நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எங்கும் திரட்டிய 10,000 பேரில் உண்மையில் 10 பேருக்கே தொற்று இருந்தால், பரிசோதனை அவர்களில் 9 அல்லது 10 பேரைப் பிடிக்கும். ஆனால் நோயற்ற 9,990 பேரில் ஏறத்தாழ 500 பேரையும் நோயாளிகள் என்று காட்டிவிடும். 'உண்டு' என்று முடிவு வந்த ஐம்பது பேரில் ஒருவருக்கே நோய் இருக்கும். அதே பரிசோதனையை, இந்நோயின் அறிகுறியான வலியில்லாத கறுத்த பொருக்குப் புண்ணோடு வந்தவர்களிடம் மட்டும் செய்தால், 'உண்டு' என்ற முடிவின் பெறுமதி பன்மடங்கு கூடும். ஆகவே எல்லோரையும் பரிசோதிக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

காலமும் கணக்கில் வரவேண்டும். கிருமியின் நச்சிலுள்ள 'பாதுகாப்பு அன்டிஜன்' என்ற புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியையே எலைசா எனப்படும் இரத்தப் பரிசோதனை முறை பொதுவாக அளக்கிறது. அது இரத்தத்தில் தென்பட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். நோய் தொடங்கியவுடன் எடுத்த இரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் நோயில்லை என்றாகாது. அதனால் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். சிகிச்சையோ அதுவரை காத்திராது. தடுப்பூசி போட்டவரிடமும் இதே பிறபொருளெதிரி இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 2001இல் அமெரிக்காவில் கடித உறைகள் மூலம் 22 பேருக்கு நோய் பரவி ஐவர் இறந்தபோதும், இந்தப் பரிசோதனை முறை நோயை உறுதிப்படுத்தவே பெரிதும் உதவியது.

அந்த 95 எத்தனை நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பெறப்பட்டது என்று தங்கையின் மகளிடம் கேளுங்கள். மனிதரில் அரிதான நோய் என்பதால் மாதிரிகள் கிடைப்பதே கடினம். பத்து நோயாளிகளில் பத்துப் பேரையும் ஒரு பரிசோதனை சரியாகக் கண்டிருந்தாலும், அதன் உண்மையான திறன் நூற்றுக்கு 70 அளவில் இருக்கவும் இடமுண்டு.