விசா தாமதமானதற்கு யார் பொறுப்பு?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி இசைக் குழுவில் வயலின் வாசிக்கிறாள். 2025 டிசம்பர் 14 அன்று நிகழ்ச்சிக்காக வியன்னா செல்லவிருந்த குழுவுக்காக ரூ.60,000 பள்ளியிலும், ரூ.1,80,000 பயண நிறுவனத்திலும், டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று தனியே ரூ.9,000-மும் கட்டினோம். புறப்படும் நாள்வரை அவளுக்கும் வேறு சில பிள்ளைகளுக்கும் விசா வரவில்லை. நிறுவனம் ரூ.38,000 மட்டும் திருப்பியது. ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற படிவத்தில் நான் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளி மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஆவணங்களில் முதலில் என் கண்ணில் பட்டது, மகள் கைரேகை பதிவதற்காக விசா மையத்தில் பெற்ற நவம்பர் 28 தேதியிட்ட முன்பதிவுச் சீட்டு. வியன்னா செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாளும், சில நேர்வுகளில் 45 நாள் வரையும் ஆகும். செப்டம்பர் 30 அன்றே பாஸ்போர்ட்டைப் பெற்று ஒப்புகை தந்த நிறுவனம், பயணத்துக்கு 16 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பத்தைச் சேர்ப்பித்திருக்கிறது. தூதரகம் விசாவை மறுக்கவே இல்லை என்பதால், ‘விசா எங்கள் கையில் இல்லை’ என்ற பதில் எடுபடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

படிவத்தில் கையெழுத்திட்டதை எண்ணிக் கலங்க வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்தே கூட நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இங்கே கடமை தவறியது அந்த நிறுவனமே. விமானம், விடுதி என்று எவ்வளவு இழந்தோம் என்பதை அவர்கள் ரசீதுகளோடு காட்டட்டும். டிக்கெட் கட்டணமே திரும்பாது என்றாலும், அதிலுள்ள வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அவர்கள் அனுப்பிய கணக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பள்ளியைப் பொறுத்தவரை நிதானம் தேவை. கல்வி நிறுவனங்கள் நடத்தும் சுற்றுலாவும் பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடுகளும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வாரா என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதேவேளையில், 2006-இல் பெங்களூருவிலிருந்து வடஇந்தியச் சுற்றுலா சென்ற பள்ளி மாணவி ஒருவர் மூளைக்காய்ச்சலால் முடங்கிப்போன வழக்கில், பள்ளியின் கவனக்குறைவுக்காக மாநில ஆணையம் விதித்த ரூ.88 லட்சத்துக்கும் மேலான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதிசெய்தது. உங்கள் சிக்கலோ பணம் சார்ந்தது. மகளும் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். பள்ளியை எதிர்மனுதாரராக்குவதைவிட, ரூ.60,000-ஐ எந்தத் தேதியில் யாருக்குச் செலுத்தினார்கள் என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்துக்குப் போயிருந்தால் அந்தக் கடிதமே உங்களுக்குச் சான்று. பள்ளியிலேயே இருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

‘பள்ளிக்குத்தான் சேவை செய்தோம், பெற்றோருக்கு அல்ல’ என்று நிறுவனம் வாதிடக்கூடும். அதற்கு அந்த ரூ.9,000-மே பதில். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்குபவரிடமிருந்து அப்போதைய விகிதப்படி 5 சதவீதம் டிசிஎஸ் பிடித்து, அவருடைய பான் எண்ணில் கட்டியிருக்க வேண்டும். உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால், வாங்கியவர் நீங்கள்தான் என்று அவர்களே அரசிடம் ஒப்புக்கொண்டதாகும். அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் மனுவில் சேர்க்க வேண்டாம்.

பதினைந்து நாள் கெடு வைத்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு, ஒப்பந்தத்தில் ‘டெல்லி நீதிமன்றங்கள் மட்டும்’ என்றிருந்தாலும், வசிக்கும் இடத்திலேயே முறையிட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உரிமை தருவதால், பாந்த்ராவிலுள்ள மும்பை புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேரிலோ, நுகர்வோர் முறையீடுகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டு. மேடை ஏறக் காத்திருந்த பிள்ளையின் மன வேதனைக்கும் தனியே இழப்பீடு கேளுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மற்றப் பெற்றோர் ஒரே நாளில் தனித்தனி மனுக்களாகத் தாக்கல் செய்வது நல்லது. அதற்கு முன், நிறுவன ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய செய்திகளைத் தேதியும் நேரமும் தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள்.